ஆறு வாரம்தான்

ஆறு வாரம்தான் என்றாள்.
ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்து
காற்றாடிக்குப் பறக்காமலிருக்க
சோயா சாஸ் போத்தலை அதன்மேல் வைத்தாள்.
இரவு பத்து முதல் காலை ஏழு.
சாங்கிப் பக்கம் ஒரு பொட்டலக் கிடங்கு.
ஆண்டிறுதித் தள்ளுபடியில்
ஊரே வாங்கிக் குவிப்பதை
அஞ்சல் எண் பார்த்துப் பிரிக்கும் வேலை.

"என் சம்பளம் பத்தலையா?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாத கேள்விகளுக்குப்
பூங்கோதை பதில் சொல்வதில்லை,
பத்தொன்பது வருடமாக.

முதல் வாரம்
மின்தூக்கியில் குடும்பம் நடத்தினோம்.
காலை எட்டுக்கு நான் இறங்க, அவள் ஏற.
கழுத்தில் சிவப்பு நாடா,
அதன் நுனியில்
தற்காலிகம் என்று அச்சடித்த அட்டை.
"பால் வாங்கணும்."
"ம்."
கதவு மூடிக்கொண்டது.

இரண்டாம் வாரம் சண்டை போட நேரம் இல்லை.
குளிர்பெட்டிக் கதவில்
மஞ்சள் தாள் ஒட்டிப் போட்டுக்கொண்டோம்.
'மீன் குழம்பு இருக்கு. சூடு பண்ணிக்குங்க.'
'மூணு நாள் மீன்.'
'மூணு நாள் முந்தியே சாப்பிட்டிருக்கலாம்.'
'கயலுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று.'
'கயலோட அப்பாவுக்குக் கணக்கு தெரியும்.'
அதற்கும் கீழே, பென்சிலில்:
'யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க.'

அவள் தூங்கும் பகல்களில்
வீடு ஆஸ்பத்திரி.
மிக்ஸி கூடாது, தாளிக்கக் கூடாது.
மேல்மாடி லிம் நாற்காலியை இழுத்தால்
கூரையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.
அதை அவளிடம் சொன்னதில்லை.
சொன்னதெல்லாம் வேறு.
"அண்ணன் கேக்குறான்,
பொண்டாட்டிய ராத்திரி வேலைக்கு அனுப்புறியான்னு."
"உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க,
அவரு வாங்கின காலணி என் கைவழியாத்தான் போச்சு.
புக்கித் பாத்தோக், ரெண்டு ஜோடி.
அண்ணிக்குத் தெரியாது."
சிரித்திருக்க வேண்டிய இடம்.
நான் சிரிக்கவில்லை.

கைப்பேசியில் ரொஹானா என்ற ஒருத்தியோடு
மலாயும் தமிழும் கலந்து சிரிப்பாள்.
அந்தச் சிரிப்பு நான் கேட்டதுதான்,
எந்த வருடம் என்பதுதான் நினைவில்லை.
தூக்கத்தில் எண்கள் சொல்வாள்.
ஐம்பத்திரண்டு தெம்பனிஸ்.
அறுபத்தைந்து, அறுபத்தைந்து.
ஒருமுறை எழுபத்தாறு என்றாள்.
எழுபத்தாறு ஈசூன், எங்கள் வீடு.
பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ளினாள் என்று
போர்வைக்குள் கை அசைந்ததை வைத்துச்
சொல்ல முடியவில்லை.

ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமையை
நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன்.
திங்களன்று ஒன்பதே காலுக்கு
மறுபடி காலணி மாட்டினாள்.
"நீட்டிச்சிட்டாங்களா?"
"ம்."

வியாழன் இரவு
ரிமோட்டுக்கு பேட்டரி தேடிய இழுப்பறையில்
கடிதம் இருந்தது.
பணி நிறைவுற்றது. அட்டை திரும்பப் பெறப்பட்டது.
தேதி: நான் வட்டமிட்ட வெள்ளி.

கயல் தூங்கியதும் இறங்கினேன்.
எங்கே போவது என்று தெரியாமல்
பேருந்து நிலையம்வரை நடந்தேன்.
இரவு முழுக்கத் திறந்திருக்கும் காப்பிக்கடையில்
விசிறிக்கு நேர் கீழே
என் மனைவி.
ஒரு தேநீர்.
காலணியைக் கழற்றி
எதிர் நாற்காலியில் கால் நீட்டியிருந்தாள்.
படிக்கவில்லை, கைப்பேசியும் இல்லை.
மேசை துடைக்கும் கிழவர் கடந்தபோது
காலை எடுக்காமலே கோப்பையை மட்டும் தூக்கினாள்.
அவரும் பழகினவர்போல் துடைத்துவிட்டுப் போனார்.

தூண் மறைவில் எவ்வளவு நேரம் நின்றேனோ.
போய்க் கேட்க நாலு கேள்வி இருந்தது.
நாலும் அந்த முதல் கேள்வியின் தம்பிகள்.
திரும்பிவிட்டேன்.

காலை எட்டு. மின்தூக்கி திறந்தது.
கழுத்தில் நாடா இல்லை.
நான் கழுத்தைப் பார்த்ததை
அவள் பார்த்தாள்.
"பால் வாங்கிட்டேன்" என்றாள்.
நான் வெளியே வரவில்லை, அவள் உள்ளே வரவில்லை.
கதவு மூடாதிருக்கப்
பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன்.
சந்தைப் பையோடு வந்த லிம்
என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
பதினோராம் மாடிக்குப்
படிக்கட்டுப் பக்கமாக நடந்தார்.