நீலம் முடியும் இடம்

ராயக்கோட்டை சாலையில் அந்த பாருக்கு
பலகையில் ஒரு பெயர்: மூன்லைட்.
ஆட்டோவில் ஏறி
தாய்லாந்துக் கடை என்றால் போதும்.

புக்கெட்டில் ஒன்பது வருடம்
முதலில் கடாய் கழுவி, பிறகு கடாய் பிடித்து
திம்மராயன் ஊருக்குக் கொண்டுவந்தது
ஒரு கல் உரல், ஒரு கெட்டவார்த்தை.
இரண்டும் இன்னும் அடுப்படியில் புழங்குகின்றன.

மேசைகள் கறுப்பு கிரானைட்,
கப்பலேறாமல் கழிந்த கல்.
வெடிப்பில் விரல் ஓட்டிக்கொண்டே
முதல் பீர் முடிந்துவிடும்.
ஜன்னலில் சையது பாஷா மலை
மின்சாரம் போனால்தான் தெரியும்.

சீசனின் கடைசிச் சம்பளம் அன்று.
அமானுல்லா குடிக்கமாட்டான்,
டாம் யம் மட்டும் இரண்டு கிண்ணம்.
"கசாயத்துக்கு வாங்குற அரத்தைய
இறாலோட போட்டா இந்த விலையா?"
கேட்டுவிட்டு மூக்கு ஒழுக ஒழுகக் குடிப்பான்.
கிளமெண்டுக்குப் பப்பாளிக்காய் சாலட்,
அதில் இடித்த வேர்க்கடலை மட்டும்
எங்கள் பக்கத்துச் சரக்கு.

பக்கத்து மேசையில் இருந்தவரை
எனக்குத் தெரியும் என்பது
உடனே தெரியவில்லை.
வேப்பனப்பள்ளி சென்னப்பன்.
கூழ் ஃபேக்டரி வாசலில்
இரண்டு இரவு டிராக்டருக்கடியில் படுத்தவர்.
மூன்றாம் நாள் காலை
அவர் பழத்தில் ஒரு சொட்டு பிழிந்து
பன்னிரண்டு என்று எழுதி
திருப்பி அனுப்பியது என் கை.

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு மெனு அட்டையைப் பார்த்தார்.
"மாங்கா சோறுன்னு போட்டிருக்கு,
இருநூத்தி நாப்பது.
அரைப் பழம் தான் வருதாம்."
கிலோ நாலு ரூபாய்க்கு
நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த வாரம் அது.

வந்தது: ஒட்டரிசி, தேங்காய்ப்பால்,
விசிறிபோல வெட்டிய மஞ்சள்.
தட்டை என் பக்கம் தள்ளி
"அளங்க சார்" என்றார்.
சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை.
சும்மா, நேரம் எவ்வளவு என்பதுபோல.

சட்டைப் பையில் மீட்டர் இருந்தது.
இல்லை என்றிருக்கலாம்.
கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டேன்.
நான் பார்க்குமுன்
அவரே வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"ஒண்ணும் புரியல. நீலமா தெரியுது."
"மேல நீலம், கீழ வெள்ள.
நீலம் எங்க முடியுதோ
அதான் கணக்கு."

"நீலமா?
நான் ஏத்திட்டு வந்தது பெங்களூரா ஆச்சே!"

அமானுல்லாவுக்குப் புரையேறிவிட்டது.
உள்ளேயிருந்து திம்மராயன்
எதற்கென்று தெரியாமலே
அந்தக் கெட்டவார்த்தையைச் சொன்னார்.
சென்னப்பனும் சிரித்தார், கொஞ்சம்,
ஒரு கண்ணை மூடியபடியே.

மீட்டரைத் திருப்பித் தந்தார்.
எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.
பேண்ட்டில் துடைத்தேன்,
பிசுபிசுப்பு போகவில்லை.
கரண்டியை எடுத்து
பாதிச் சோற்றை என் தட்டில் வைத்தார்.
பழத்தை வைக்கவில்லை.