காற்று சரியில்லை

பத்தொன்பது வருடம்
எங்கள் தோட்டத்து அடுப்பு புகைந்தது.
ஞாயிறு தவறாமல் அனீபல் சொல்வான்:
காற்று சரியில்லை.
தெற்கிலிருந்து வீசினாலும் அதையே.
உருகுவாய் நதி கண்ணாடியாய்க் கிடந்து
ஓர் இலைகூட அசையாத நாளிலும் அதையே.
சில ஞாயிறு, விறகு ஈரம்.
சில ஞாயிறு, நான் சமையலறைக் கதவைத்
திறந்து வைத்ததுதான் காரணம்.

விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டே
இறைச்சியைப் புகழ்வார்கள்.
என் தலைமுடியில் ஏறிய புகை
புதன்கிழமை வரை
என்னோடு அலுவலகம் வரும்.

தீ அவன் இலாகா.
கங்கு தள்ளும் நீளக் கம்பியை
நான் தொட்டது ஒரே தடவை,
மதிலோரம் வந்த பாம்பை விரட்ட.
மற்றபடி எனக்கு சாலட், தட்டு,
எத்தனை நாற்காலி குறைகிறது என்ற கணக்கு.

வீடு எனக்கு, கார் அவனுக்கு என்று
நீதிமன்றத்தில் பிரித்தபோது
அடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அக்டோபரில், இடித்துவிடலாம் என்று
சம்மட்டிகூட வாங்கிவிட்டேன்.
பக்கத்து வீட்டு துல்சே
மதிலுக்கு மேல் தலையை மட்டும் வைத்து,
கையில் மாத்தேக் குடுவையோடு கேட்டாள்:
"இடித்துவிட்டு அங்கே என்ன வைப்பாய்?"

பதில் இல்லை.
சம்மட்டியைத் திருப்பிக் கொடுத்து
கரணையும் ரசமட்டமும் வாங்கினேன்.
வீட்டுக்காரருக்கா என்றான் கடைக்காரன்.
ஓதிலியா பெர்தோமோ,
பில்லில் அப்படியே எழுதுங்கள் என்றேன்.

முதலில் சுரண்டினேன்.
கறுப்பு. கறுப்புக்குக் கீழே கொழுப்பு.
கொழுப்புக்குக் கீழே இன்னொரு கறுப்பு.
கடைசியில் செங்கல்,
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட முகம் போல.
ரசமட்டத்தின் குமிழி
எங்கே வைத்தாலும் இடப்பக்கமே ஓடியது.

புதுத் தீச்செங்கல்லை
ஊறவைத்துத்தான் வைக்க வேண்டுமாம்,
மூட்டையின் முதுகில் போட்டிருந்தது.
வாளியில் இறக்கியதும் உஸ்ஸென்று குடித்தது.
கல்லுக்கு இவ்வளவு தாகம் இருக்குமென்று
எனக்கு யார் சொன்னார்கள்?

எட்டாம் நாள்
புகைபோக்கியின் தொண்டைக்குள் தலையை விட்டு
செல்போன் விளக்கை அடித்தேன்.

அரைச் செங்கல்.
குறுக்கே கிடந்தது.
கட்டிய அன்று ஏதோ ஒரு கொத்தன்
எதற்கோ முட்டுக் கொடுத்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான்.
அவ்வளவுதான்.

தோள் வரை கையை விட்டு இழுத்தேன்.
வந்தது, ஒரு கூடை கரியோடு.
சிரிக்க வேண்டும் போலிருந்தது.
தும்மல்தான் வந்தது.
சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்:
ஒரு கிலோ நூற்றுப்பத்து கிராம்.
பத்தொன்பதை ஐம்பத்திரண்டால் பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

பூச்சு காய ஒரு வாரம்.
பிறகு மூன்று சாயங்காலம் சின்னத் தீ,
பழைய செய்தித்தாள், எலுமிச்சைச் சுள்ளி.
நான்காம் நாள் ஞாயிறு.
குடைமிளகாயை இரண்டாய்ப் பிளந்து
ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை உடைத்து ஊற்றி
கம்பிமேல் வைத்தேன். இறைச்சி இல்லை.
புகை நேரே ஏறியது,
தூக்குக்குண்டைத் தலைகீழாய்த்
தொங்கவிட்டது போல.

அன்றைக்கு என்று அனீபல் வந்தான்,
அந்த நீளக் கம்பியைக் கேட்டு.
அது என் கையில் இருந்தது.
வேலை ஓடுகிறது, அடுத்த வாரம் வா என்றேன்.
நின்றான். அண்ணாந்து பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"இன்றைக்குக் காற்று நல்ல காற்று" என்றான்.

ஆமாம் என்றேன்.
ஒரு மிளகாயைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன்,
நின்றபடியே தின்றான்.
உப்பு போதவில்லை என்று சொல்ல வந்து
சொல்லாமல் விட்டான்.

போகும்போது
பின்கேட்டுக்கு முட்டாய் வைத்திருந்த அரைச் செங்கல்லைக்
காலால் நகர்த்திவிட்டுப் போனான்.
கேட் படாரென்று சாத்திக்கொண்டது.

மிளகாய் கருகுமுன் ஓடிப்போய்
மறுபடி அதை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.