முந்நூறு சொற்களுக்குள்

விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வி:
உங்கள் பண நெருக்கடியை
முந்நூறு சொற்களுக்குள் விவரிக்கவும்.

எனக்கு வந்தது நானூற்றுப் பன்னிரண்டு.

டண்டீ நகரில், டே நதியைப் பார்த்த சமையலறை எங்களுடையது.
எங்களுடையது என்றால் வாடகைக்கு.
பாலத்தில் ரயில் போனால்
இழுப்பறைக்குள் கரண்டிகள் பேசிக்கொள்ளும்.
மேசையின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் இஷ்பெல்,
நடுவில் கெட்டில்.
பேச்சு வராத பிள்ளைகளைப் பேசவைக்க அவள் படிக்க வேண்டும்.
நான் படிக்க வேண்டியது கழிமுகத்துச் சேற்றை.
கட்டணம் பதினோராயிரத்துச் சொச்சம்,
அரசு தரும் கடன் ஏழாயிரம்,
மீதியை மூன்று தவணையில் கட்டலாமாம்.
இல்லாத பணத்தை மூன்றாகப் பிரித்தால்
இல்லாமை குறையுமா?

ஆக, உதவித்தொகை.
அதுவும் ஊருக்கே ஒன்று.
சணல் ஆலை வைத்திருந்த யாரோ
சாகும்போது உயிலில் எழுதிவைத்தது.

வெட்டத் தொடங்கினேன்.
முதலில் பேக்கரியின் இரவு வேலை போயிற்று,
ஆயிரத்திருநூறு பன்களுக்கு முட்டை பூசும் தூரிகையோடு.
அப்பாவின் மூடிய மீன்கடை ஒரு வாக்கியமாகி
அப்புறம் அரை வாக்கியமானது.
அம்மாவைத் தொடவில்லை,
அவள் ஏற்கெனவே இரண்டே சொல்.
ஜனவரி இரவை மட்டும் விடவே இல்லை:
மீட்டரில் பணம் தீர்ந்து
ஹீட்டர் டக்கென்று அணைந்த இரவு.

முந்நூறு. சரியாக முந்நூறு.

பிழை பார்க்கத் தாள்களை மாற்றிக்கொண்டோம்.
அவளுடையதில் நான்காம் பத்தி:
'மீட்டரில் பணம் தீர்ந்த ஜனவரி இரவில்
கோட்டின் மேல் கோட்டணிந்து
விடியும்வரை தனியாக விழித்திருந்தேன்.'

தனியாக.

அன்றிரவு
என் பாதங்கள் அவள் முழங்காலுக்கடியில் இருந்தன.
மேலே போட்டிருந்த கோட்டு என்னுடையது,
பொத்தான் போன பச்சைக் கோட்டு.
சேற்றுப் புழுக்களின் லத்தீன் பெயர்களை
ஒவ்வொன்றாக ஒப்பித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் அவள் சிரித்தாள்.

கேட்டுவிடலாமென்று நிமிர்ந்தால்
அவள் விரல் என் தாளில்
அதே இரவின்மேல் நின்றிருந்தது.
என்னுடையதிலும்
குளிரில் இருந்தது ஒரே ஆள்.

சொல் கணக்கு இடிக்கிறது, என்றேன்.
எனக்கும்தான், என்றாள்.

நான் என்பது ஒரு சொல்.
நாங்கள் என்பதும் ஒரு சொல்தான்.

இருவருமே திருத்தவில்லை.
ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்தி
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் அவளுக்குக் கிடைத்தது.
எனக்கு வந்த கடிதம்
'தகுதி வாய்ந்த பலருள்' என்று தொடங்கியது.
கட்டிப்பிடித்துக் குதித்ததில்
கீழ்வீட்டு பெட்ரி துடைப்பக் கட்டையால் தட்டினார்.
சந்தோஷம் நிஜம்.
வயிற்றில் ஏதோ புளித்ததும் நிஜம்.

செப்டம்பரில் என் கடன் வந்தது.
வந்த நாளிலிருந்தே வட்டி.
சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடிப்பார்களாம்,
முப்பது வருடத்தில் தீராவிட்டால் தள்ளுபடியாம்.
அப்போது எனக்கு ஐம்பத்தாறு.
அந்த வயதில் என் முகத்தைக் கற்பனை செய்தேன்,
பேக்கரித் தொப்பிதான் தெரிந்தது.

இஷ்பெலின் தொகை கட்டணத்தோடு சரி.
வயிற்றுக்கும் வாடகைக்கும்
பல் மருத்துவமனையில் தரை துடைக்கிறாள்.
கடன் வாங்க மாட்டாள்.
வாரவட்டிக்காரன் சோபாவைத் தூக்கிப்போன வீட்டில்
உட்கார இடமில்லாமல் வளர்ந்தவள்.

முதல் தவணைக்கு முந்தின நாள்
கெட்டிலுக்கு அடியில் ஒரு உறை.

என்ன இது, கடனா?
இல்லை, என்றாள்.
கோட்டு வாடகை.

ஒரு ராத்திரிக்கா இவ்வளவு?

அவள் பதில் சொல்லாமல்
செருப்பைத் தேடினாள், வேலைக்கு நேரமாகிவிட்டது.

எண்ணிப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பது பவுண்டு,
பாதி நோட்டு, பாதி சில்லறை,
கிருமிநாசினி வாசனையோடு.

இன்னும் ஆயிரத்து நூற்றிருபது வேண்டும்,
நாளை மாலை ஐந்துக்குள்.