பதினாறு

பதினாறும் பெற்று என்று
லாபீஸ் கோயில் மண்டபத்தில்
அரிசி தூவினார்கள்.
எனக்கு முதலில் கிடைத்த பதினாறு
லிட்டர் கணக்கு.
முதுகில் பம்பு, தோளில் வார்,
விடிவதற்குள் பெரட்டு,
பிறகு செம்பனை வரிசைக்குள்
நாளெல்லாம் மருந்து.
மருந்து என்றுதான் சொல்கிறோம்
புல்லைச் சாகடிப்பதை.

முதல் பிள்ளை பதினோரு வாரம்
என்னோடு வேலைக்கு வந்தது.
அப்புறம் வரவில்லை.
செக்ரோலில் கிராணி
'காய்ச்சல், இரண்டு நாள்' என்று எழுதினார்.

பம்பாலா டாக்டர் என்று கேட்டேன்.
ஆம் என்றும் சொல்லவில்லை
இல்லை என்றும் சொல்லவில்லை.
ரத்தம் எட்டுதான் இருக்கிறது,
அடுத்ததற்கு முன்னால்
உன்னைத் தேற்றிக்கொள் என்றார்.
சின்னதாய் ஒரு மஞ்சள் மாத்திரை,
தினம் ஒன்று,
வயிற்றில் யாரும் இல்லாதபோதே.
இன்னும் வந்து சேராதவருக்காக
பஸ்ஸில் துண்டு போட்டு
இடம் பிடித்த மாதிரி இருந்தது.

நர்சரிக்கு மாற்றுங்கள் என்றேன்.
சம்பளம் குறையுமே, பரவாயில்லையா
என்றாள் மண்டோர் தனபாக்கியம்.
சுகுமாறன் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் சிகரெட்டை விட்டான்.
என் குறைச்சலையும் அவன் மிச்சத்தையும்
காலண்டர் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்தான்.
கிட்டத்தட்ட சரிவந்தது.
அவனுக்கு இருமலும் நின்றது,
அது கணக்கில் இல்லாத வரவு.

இளஞ்சிவப்புப் புத்தகம் கொடுத்தார்கள்.
மேலே என் பெயர், பின்னால்
செத்துப்போன அப்பா பெயர்.
பச்சை ஒட்டியிருந்த இடத்தில்
ஏழாம் மாதம் மஞ்சள் ஒட்டினார்கள்.
வெறும் வயிற்றில் சீனித் தண்ணீர்,
பெஞ்சில் இரண்டு மணி நேரம்.
பக்கத்தில் சுலாஸ்திரி, சாவாக்காரி,
அவளுக்கும் அதே தண்ணீர்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள
இருவரும் மொழியில்லாமல் சிரித்தோம்.

மாமியார் அன்னாசியை ஒளித்தார்.
மிஸ்ஸி நோராய்னி மைலோவை நிறுத்தினாள்.
இரும்பு மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும்
ஜென்மப் பகையாம்,
மலாயில் சொன்னாள்,
நான் தமிழில் புரிந்துகொண்டது அப்படி.
மிச்சமிருந்தது முருங்கைக்கீரை.
அதில் மட்டும்
இரண்டு பேருக்கும் சண்டையில்லை.

செகாமாட் ஆஸ்பத்திரியில்
இரண்டு கிலோ எண்ணூறு.
நல்ல குரல்.

வந்தவர்கள் எல்லாம் தொட்டிலுக்கு வந்தார்கள்.
மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி.
பூண்டும் கோழியும் நல்லெண்ணெயும்
என்னைத் தாண்டி
பாலுக்காகவே சமைந்தன.
பால் வந்தது.
வேறொன்றும் வரவில்லை.
ராத்திரி மில் சங்கு ஊதும்வரை
கண்ணைத் திறந்தபடி கிடந்தேன்.
பிள்ளை அழும்போது
பக்கத்து வீட்டில் அழுவதுபோல் கேட்டது.
இதை யாரிடம் சொல்வது?
ஒன்றை இழந்தவள்
ஒன்று கிடைத்தபின்
வாய் திறக்கக் கூடாது.

மிஸ்ஸி மோட்டாரில் வந்தாள்.
தொப்புளைப் பார்த்தாள்,
தராசில் தொங்கவிட்டாள்,
எழுதினாள், மூடினாள்.
ஹெல்மெட்டை எடுத்தவள்
திரும்ப வைத்தாள்.
"நீ?"

தமிழில் கேட்டாள்.
அந்த ஒரு சொல் அவளிடம் இருந்திருக்கிறது.

அழுதேன் என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
அழவில்லை.
தூக்கம் இல்லை என்றேன்.
அப்புறம் மீதியையும் சொன்னேன்,
பாதி மலாய், பாதி கை ஜாடை.
இதற்கும் டாக்டர் இருக்கிறார்,
செவ்வாய்க்கிழமை வா என்றாள்.
சுகுமாறனைக் கூப்பிட்டு
ராத்திரி பாதி உன்னுடையது என்றாள்.
அவன் தலையாட்டினான்,
காலண்டரைத் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை.
பிள்ளை அவன் தோளில்.
என்னை மட்டும் மேடையில் ஏறச் சொன்னார்கள்.
செருப்பைக் கழற்றினேன்.
தோள் தானாகச் சரிந்து
கை இரண்டும் பின்னால் போயின,
இல்லாத வாரை அவிழ்க்க.