இருபது லீற்றர்

கரடிப்போக்குச் சந்தியில் புதிதாய்த் திறந்த பெயின்ற் கடை.
ஆயிரத்து இருநூறு நிறங்களை
விசிறிபோல் விரித்துக் கையில் தந்தான் பொடியன்.
"ஆறுதலாய்ப் பாருங்கோ அக்கா" என்றவன்
பத்து நிமிசத்தில் ஃபோனைப் பார்க்கத் தொடங்கினான்.
அரை மணியில் என்னைப் பார்த்தான்.

அவனுக்கு எப்படிச் சொல்வது,
இதுவரை இருந்த சுவர்கள் எதற்கும்
யாரும் என்னிடம் நிறம் கேட்டதில்லை.
தறப்பாள் நீலமாய் வந்தது.
கூடாரம் வெள்ளையாய், விலாவில் பெரிய எழுத்தோடு வந்தது.
தகரம் தகர நிறம்.
பிறகு வீட்டுத்திட்டம்:
பூச்சு முடிய, காசும் முடிய,
ஒன்பது வருசம் சீமெந்துச் சாம்பல்.

சூரிச்சிலிருந்து தம்பியின் காசு வந்தது,
கூடவே அபிப்பிராயமும்.
ஹோலுக்கு ஊதா. சாமியறைக்கு மஞ்சள்.
குசினிக்குப் பச்சை. பிள்ளைகளுக்கு றோஸ்.
இவருக்கு வெள்ளை போதுமாம்,
பரந்தனில் மச்சாள் வீடு மாதிரி.
அந்த வீடு வெள்ளையாய் இருந்த மாதங்களை
நான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

"இது" என்றேன்.
பால் குறைந்த தேத்தண்ணியில்
மாரி பிஸ்கற் ஒன்று விழுந்து கரைந்தால் வரும் நிறம்.
சூடு அடித்த பிறகு ஒரு கிழமை
வெயில் காய்ந்த வயலும் அதுதான்.
அட்டையில் அதற்குப் பெயர் ஒட்டகம்.
வட்டக்கச்சியில் இன்னும் ஒருத்தரும்
ஒட்டகம் வாங்கவில்லை.

மரியநேசன் வாளியைத் திறந்து
தடியால் இரண்டு தரம் கிண்டினார்.
"தங்கச்சி, இது நாய் நிறமெல்லோ."
"ஓம்."
"எல்லா அறைக்குமோ?"
"எல்லாத்துக்கும்."
"சாமியறைக்கு?"
"அதுக்கும்."
வலயம், தொகுதி, வரிசை, கூடார இலக்கம் என்று
பிரித்துப் பிரித்து இருந்தது காணும்
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
"மிச்சம் வந்தால் எங்கையும் பூசலாம்" என்று சொன்னேன்.

மிச்சம் வரவில்லை.
இருபது லீற்றர் குசினி வாசலோடு நின்றுவிட்டது.
திரும்பப் போய் அதே இலக்கம், அதே மெசின், அதே பொடியன்.
ஆனால் குசினி ஒரு சொட்டுச் சிவப்புக் கூட.
"காய்ஞ்சால் சேரும்" என்றார் மரியநேசன்.
காய்ந்தது. சேரவில்லை.
இவர் வெளிச்சத்தைக் குற்றம் சொல்கிறார்.
சங்கவி இரண்டு சுவரிலும் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு
"குசினிதான் சூடு" என்றாள்.
அடுப்பு மூட்டாத நேரம் அது.

ஞாயிறு வீடியோவில் தம்பி வந்தான்.
ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன்.
"இது எந்த அறை?" "இது எது?" "இப்ப எங்கை நிக்கிறாய்?"
கடைசியில் கேட்டான்:
"அப்ப பெயின்ற் எப்ப அடிக்கிறதாய் உத்தேசம்?"

சிரித்தபோது வாசலில் டிப்பர் ஒன்று போனது.
அதன் பின்னால் இன்னொன்று.
கிரவல் புழுதி எழும்பி வேலி தாண்டி
ஜன்னலால் வந்து, பார்த்து,
செய்ய ஒன்றுமில்லாமல் நிலத்தில் படுத்தது.
இரண்டு வருசத்தில் அது பூசப்போகிற நிறத்தை
முந்திக்கொண்டு நானே பூசியிருந்தேன்,
காசு குடுத்து, இரண்டு கோட்.

இப்போது ஒரே ஒரு கரைச்சல்.
பின்னேரம் கரண்ட் நின்றால்
சூட்டி சுவரோடு ஒட்டிப் படுத்திருப்பது
கண்ணுக்குத் தெரிவதில்லை.
நேற்றும் வாலை மிதித்துவிட்டேன்.
சுவர் குலைத்தது.
பிறகு வந்து
என் காலை நக்கியது.