முதல் இரண்டு தாள்கள்

கடையில் அந்த ஜெராக்ஸ் மெஷின்
சுவிட்ச் போட்டவுடனே வேலைக்கு வராது.
பச்சை விளக்கு மினுக்கும்,
உள்ளே ஏதோ உருளும், கனைக்கும்.
பொறுக்காமல் பொத்தானை அமுக்கினால்
முதல் தாள் முழுக்கக் கருப்புக் கோடு,
இரண்டாவதில் பாதி முகம்.
இரண்டையும் கசக்கிப் போட்டுவிட்டு
மூன்றாவதைத்தான் ஆளிடம் நீட்டுவேன்,
பதினோரு வருஷமாக.

இது புரிய எனக்கு நாலு பரீட்சை ஆனது.
நாலு தடவையும்
என் முதல் இரண்டு தாள்களை
சர்க்காரிடமே கொடுத்துவிட்டேன்.

இன்று ஐந்தாவது.
புத்தகங்களை நேற்று ராத்திரியே
அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியாச்சு.
"அரிசியாவது பாஸ் பண்ணட்டும்" என்றார் சகாயம்.
ஐந்து மணிக்குத் தோசைக்குக் கரைக்கையில்
ஆல்வின் பாதித் தூக்கத்தில் வந்து நின்றான்:
"பாஸ் பண்ணிடுவியாம்மா?"

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு,
விடை தெரியவில்லை என்று.
தெரியாததையும் கருப்பாக நிரப்பித்தான் ஆகவேண்டும்,
சும்மா விடக்கூடாது.
அவன் கன்னத்தில்
மாவு விரலால் ஒரு வட்டம் வைத்தேன்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வாசலில்
ஒரு ஷேர் ஆட்டோ. 2491.
பகா எண் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது.
மூன்றால் போகாது, ஏழுக்கு மசியாது,
பதினொன்று, பதின்மூன்று, ம்ஹூம்.
படியேறும்போது பிடிபட்டது:
ஐம்பதின் வர்க்கத்தில் ஒன்பது குறைச்சல்.
நாற்பத்தேழும் ஐம்பத்து மூன்றும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஒரே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கின்றன.
சிரிப்பு வந்தது.
முதல் தாள். கசக்கிப் போட்டேன்.

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால்
வழக்கம்போல வண்டி நின்றுவிட்டது.
எதிர் சீட்டில் நிலோஃபர்.
வியாழக்கிழமை அவள் ஹால் டிக்கெட்டை
நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு காப்பி.
அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
கவுன்ட்டருக்குப் பின்னால் பார்த்த முகம்
ரயிலில் வேறு முகம்.
கைடைப் புரட்டுகிறாள்,
தொலைந்த சாவியை அதற்குள் தேடுகிற மாதிரி.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஓரெழுத்துச் சொற்கள். கண்ணில் படுவது மட்டும்.
தண்டவாளத்து ஓரம் பால் கவர் மெல்லும் ஆ.
அதன் காதைச் சுற்றி ஈ.
பூக்கூடை அம்மாள் மடியில் பூ,
அவள் விரலில் நாருக்கு வழிவிட்ட தழும்பு,
அதற்கு ஓரெழுத்து இல்லை.
குப்பைமேட்டில் தீ;
"ஜன்னலைச் சாத்துங்கப்பா" என்று யாரோ இருமினார்.
நோ என்றால் வலி.
ஆல்வினைக் கேட்டால் வேண்டாம் என்பான்.
யா...

யா என்றால்?
அடிவயிற்றில் ஒரு கருப்புக் கோடு ஓடியது.
வாய்விட்டே கேட்டிருக்கிறேன் போல.
தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள்:
"அகலம்க்கா. சில புக்குல மரம்னு போட்டிருக்கும்."
"ரெண்டுமே ஆப்ஷன்ல வந்தா?"
முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.
"வந்தா... ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்."

கைடு மடியில் மூடிக் கிடந்தது.
"மா?" என்றாள்.
"நான் காலைல கரைச்சது."
"அய்ய, அது மாவு! வேற."
விலங்கு என்றேன், பெரியது என்றேன்,
வண்டி நகர்ந்தது.

இப்போது வேப்பேரியில் ஒரு பள்ளிக்கூடம்.
ஒன்பதாம் வகுப்பு பெஞ்சு, முழங்கால் இடிக்கிறது.
தலைக்கு மேல் ஃபேன்
நாலு சுற்றுக்கு ஒருமுறை டொக் என்கிறது.
பேனாவை மணிக்கட்டில் இழுத்துப் பார்த்தேன்,
மை வருகிறது.
மை. அதுவும் ஒன்று.

பிரிக்காத வினாத்தாளின் மேல்
இரண்டு கையையும் வைத்திருக்கிறேன்.
உள்ளே ஏதோ உருளுகிறது, கனைக்கிறது.
மணியடிக்க இன்னும் மூன்று நிமிஷம்.
மினுக்கட்டும்.
நான் இன்னும் அமுக்கவில்லை.