எண்ணின் நெய்

எள்ளின் நெய் எண்ணெய் என்று பெயர் வைத்தவர்கள்
லூலியோ நகரத்துக் கடையில்
இந்த அலமாரியின் முன் நின்றதில்லை.
இங்கே எள் இல்லை. எண்தான்.
ஐந்து, பத்து, பதினைந்து, இருபது;
நடுவில் குளிருக்கென்று ஒரு டபிள்யூ;
அதற்கப்பால் முப்பது, நாற்பது, ஐம்பது.
முன்னெண் விடியலுக்கு.
பின்னெண் கொதித்துத் திரும்பும் மாலைக்கு.

இங்வேயின் கைகளில் இரண்டு டப்பா.

நாளை பதினொரு மணிக்கு
யோக்மோக்கிலிருந்து ஒருத்தி வருகிறாள்
அவனுடைய அறுபத்து நான்காம் வருடத்து
வால்வோ அமேசானைப் பார்க்க.
வெளிர் நீலம். கதவோரம் துரு இல்லை.
சாம்பல் கிண்ணம் இருந்த குழியில்
அவனே பொருத்திய எண்ணெய் அழுத்த மானி.
அந்த முள்தான் சிக்கல்.
குளிர்ந்திருக்கையில் நிமிர்ந்து நிற்கும்;
நாற்பது கிலோமீட்டர் ஓடி
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
மெல்லச் சாயும்.
அடியில் எங்கோ
டொக்.
டொக்.
கடன்காரன்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன்.

தேய்ந்த பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே
ஒரு மயிரிழை கூடிவிட்டது, அவ்வளவுதான்.
இருபது-ஐம்பதை ஊற்றினால்
அந்த இழையில் கெட்டியாய்ப் போய் உட்காரும்.
முள் எழும். தட்டல் அடங்கும்.
பொய் சொன்னான் என்று யாரும் சொல்ல முடியாது:
எண்ணெய்தானே, புது எண்ணெய்தானே,
விலைகூட அதிகம்.

ஊற்றிவிட்டான். மூன்றே முக்கால் லிட்டர்.
கம்மெல்ஸ்தாட் வரை இரண்டு நடை ஓட்டினான்.
எஞ்சின் வாயை மூடிக்கொண்டது.

இரவு பத்தரைக்கு, பல் துலக்கும்போது,
நுரையோடு நுரையாக வாயில் வந்தது:
யோக்மோக்.
யோக்மோக், ஜனவரி, மைனஸ் முப்பத்தைந்து.
தொலைபேசியில் அவள் சொல்லியிருந்தாள்,
வீடு வீடாகப் போகும் நர்ஸ்,
காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்,
போகிற இடமெல்லாம் எஞ்சின் ஹீட்டருக்கு
பிளக் இருக்காது என்று.
அந்தக் குளிரில் இருபது என்பது
கம்பிப் பதம் தாண்டிய பாகு.
ஸ்டார்ட்டர் இழுக்கும், முனகும், இழுக்கும்.
பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம்:
எண்ணெய் ஏறி வந்து சேருமுன்
இரும்பு இரும்பை
வெறும் உடம்போடு சந்திக்கும்.

பைஜாமாவின் மேல் கோட்டு.
கராஜில் பதினேழாம் நம்பர் ஸ்பானர் கிடைக்கவில்லை,
சைக்கிள் கூடையில் இருந்தது.
வடிகட்டும்போது எண்ணெய் இன்னும் வெதுவெதுப்பு,
ஒரு நாள்கூட உழைக்காத பொன்னிறம்.
பத்து-முப்பதை ஊற்றி முடித்தபோது மணி ஒன்று.

ரிஸ்தென் வந்தாள். ஓட்டினாள்.
நாற்பது கிலோமீட்டர், ஒன்றும் பேசவில்லை.
சிவப்பு விளக்கில் ரேடியோவை அணைத்தாள்.
டொக். டொக்.
"எத்தனை நாளாக?"
"ஏப்ரலிலிருந்து."
இறங்கி, அளவுக் கம்பியை உருவி,
விரலிடையில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.
"நேற்று மாற்றியதா?"
"நேற்று இரண்டு முறை."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு விலையில் எட்டாயிரம் குரோனர் குறைத்தாள்.
அவன் ஐந்து என்றான். ஏழில் நின்றது.

சாவியை வாங்கிக்கொண்டு
சுவரோரம் இருந்த வாளியைக் காட்டினாள்:
"அந்த ஐம்பதையும் கொடுங்கள்.
அண்ணனின் ரம்பச் சங்கிலிக்கு ஆகும்."